மூன்று கரண்டி

பதினொன்றுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம். மருத்துவிச்சி சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருவாள், துணி தொங்கும் அந்தத் தராசோடு, ஊரில் பேசாலைக் கரையில் மீன் நிறுப்பது போலப் பிள்ளையைத் தூக்கிப் பார்ப்பாள்... பிறந்தபோது மூவாயிரத்து இருநூறு கிராம், போன கிழமை மூவாயிரம். இன்றும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டும் என்றாள், கணவன் எமில் அதைத் தமிழில் சொல்ல நேரமெடுத்தான். பிறேமா போத்தலைக் குலுக்கினாள். பால் வற்றியது என் பிழைதான்... தொண்ணூற்று மூன்று மார்கழி, பிராங்பேர்ட்டில் அந்தப் பிரசவ வார்டு, இரவுக்குக் குளிர்ந்த பாணும் சீஸும், பெற்ற வயிற்றில் குளிரைப் போட்டால் பிள்ளைக்குச் சளி கட்டும், தொடவில்லை. எமில் பால் சுரக்கப் பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக்கறி கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். எமில் சட்டியை மூடினான். பிறகு அவன் கொண்டுவரவில்லை, பிறேமாவும் கேட்கவில்லை. நாலு நாள் வெறும் தேத்தண்ணீர், எங்கிருந்து சுரக்கும்?

பிறகு பால்மா. பெட்டியில் ஐந்து கரண்டி படம் போட்டிருந்தது, மேல்மாடி றோசம்மா அக்கா பார்த்துச் சிரித்தாள். "அஞ்சோ? அது வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர வயித்துக்கு. எங்கட பிள்ளைக்கு மந்தம் பிடிக்கும். மூண்டு காணும்." ஊரில் பசுப்பாலுக்கும் பாதி தண்ணீர்தானே, அம்மா தம்பிக்கு அப்படித்தானே கொடுத்தாள், அக்காவும் நாலு பிள்ளை வளர்த்தவள்... மூன்று. ஒரு மாதமாக மூன்று. பிள்ளை குடித்து முடித்ததும் அழுகிறாள், மந்தம் என்று ஓமத்தண்ணீர் பருக்கினாள், பிள்ளை அதையும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்தபடி போத்தல் சூப்பியைத் தேடினாள். மந்தம் பிடித்த பிள்ளை தேடுமா? கை நின்றது. போத்தலில் அரிசி கழுவிய தண்ணீரின் நிறம். இப்போது இரண்டு கூடப் போட்டால் தராசுக்குத் தெரியுமா... கரண்டியை எடுத்தாள், வாசல் மணி அடித்தது.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மருத்துவிச்சி எழுதவில்லை. மேசையில் இருந்த போத்தலைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, எமிலிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். எமில் திரும்பினான்.

"பிறேமா, ஒரு போத்தலுக்கு எத்தினை கரண்டி போடுறனீர்?"