வேலி பிரித்த நாள்

கச்சிமுகம்மதின் மகன் றஸாக்குக்கு இருபது வயது. சாய்ந்தமருதில் அந்த வயதுப் பொடியன்களுக்குக் கடலைப் பார்க்கத்தான் கண். றஸாக்குக்கோ பக்கத்து வளவின் தென்னங்கிடுகு வேலியில் இருந்த ஓர் ஓட்டையைப் பார்க்கவே இரண்டு கண்ணும் போதவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சீனிமுகம்மதின் ஒரே மகள் ஹாஜறா. ஒரு நாளைக்கு ஒரு கண் தெரியும், ஒரு நாளைக்குக் காதுத்தோடு, சில நாளைக்கு வெறும் குரல்தான். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்தே ஒரு வருசத்தில் ஆளை முழுசாக மனதில் சேர்த்து வைத்துவிட்டான்.

பெரிய தடை இரண்டு வாப்பாமார்தான். ஒரு காலத்தில் கூட்டாகக் கரைவலை வைத்திருந்தவர்கள். வலை கல்லில் மாட்டிக் கிழிந்த ஒரு நாளில், கிழித்தது நீயா நானா என்று தொடங்கிய வாய்த்தர்க்கம் பத்தொன்பது வருசமாகியும் ஆறவில்லை. நடுவில் வேலி எழும்பியது. தொழுகை முடிவில் இரு பக்கமும் திரும்பி ஸலாம் கொடுக்கும்போதுகூட, ஒருவர் இருக்கும் பக்கம் மற்றவரின் கழுத்து பாதிதான் திரும்பும் என்று ஊரில் கேலி.

"அட்டாளைச்சேனையில சாச்சிட வீடு இரிக்கி. ஓடிருவமா?" என்று ஒரு நாள் ஹாஜறாவே கேட்டாள்.

"களவாவா? எனக்கென்ன குறை? உன்ட வாப்பா என்ட வீட்டுக்கு மாப்பிள கேட்டு வரோணும்."

"அவர் வாறதுக்குள்ள நான் கிழவியாகிருவன்."

றஸாக் சிரித்தான். அந்த ஊர்ப்பக்கம் பெண் வீட்டார்தான் வந்து கேட்பார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பான். அவன் போகவேண்டியது பத்தடி தூரந்தான். அந்தப் பத்தடியையும் தலை நிமிர்ந்து நடந்து போகவேண்டும் என்று அவனுக்கு ஒரு வீம்பு.

அதற்கு வழியும் கிடைத்தது. ஒரு காலையில் சீனிமுகம்மதின் வலையில் கீரிமீன் கட்டுக்கடங்காமல் பட்டுவிட்டது. இழுக்க ஆள் போதாது, நீரோட்டம் வேறு வலையைத் தெற்கே இழுக்கிறது. கச்சிமுகம்மதின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். றஸாக் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். எதிராளியின் கயிற்றில் சொந்த மகன் தொங்குவதைக் கண்ட கச்சிமுகம்மது கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் மணலைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தாமும் இறங்கிவிட்டார்.

மீன் நிறைந்த வலைமடி கரை சேர்ந்ததும் இரண்டு கிழவர்களும் மணலில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் மீனையே எல்லாரும் மறந்துபோனார்கள். அப்படியே ஈரச் சாரனோடு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். "இந்த வேலி இனி என்னத்துக்கு?" என்று சீனிமுகம்மது கிடுகுகளைப் பிய்த்து எறிந்தார். ஓட்டை போய் வாசலே திறந்துவிட்டது.

"கச்சி, உன்ட மகன எனக்குத் தா. ஹாஜறாக்கு மாப்பிளயா."

றஸாக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே தாய்வழிக் குடிக்குள் கலியாணம் செய்வதில்லை; இவர்களுக்குக் குடி இரண்டும் வேறு வேறுதான், அதிலும் சிக்கலில்லை. வாப்பா "ஓம்" என்று சொல்லிவிட்டார். கதவுச் சீலைக்குப் பின்னால் அவன் உம்மா சரீபா நின்றாள். "மகன், பள்ளி லெப்பையக் கூட்டிட்டு வா," என்றாள்.

நிக்காஹ் ஓதிவைக்கிறவர் லெப்பைதான், அதற்கு நாள் வைக்கத்தான் என்று நினைத்து அவன் பள்ளிவாசலுக்குப் பறந்தான். மெதுவாக நடக்கிற மனிதரைக் குடை பிடித்து, கையைப் பற்றி இழுக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்தான்.

சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா கதைத்தாள். "ஹாஜறாட உம்மா அவளப் பெத்துப்போட்டுக் காச்சல்ல மவுத்தான நேரம் நீங்க ரெண்டு பேரும் திருக்கோவில் பக்கம் வாடி போட்டு மீன் புடிச்சிட்டிருந்தீங்க. சேதி கிடைச்சு வந்து சேர நாலு நாள். புள்ள பசியில கத்தினா. மருத்துவிச்சி தூக்கிட்டு வந்தா. அப்ப வேலி இல்ல. றஸாக்குக்கு எட்டு மாசம். சாச்சிக்காரி வந்து தூக்கும் மட்டும் நான்தான் பால் குடுத்தன்."

ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் காக்காவும் தங்கச்சியும்போல உடன்பிறப்பு, அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"இத்தின காலமும் ஏன் சொல்லல்ல?" என்று வாப்பா கத்தினார்.

"தாயில்லாப் புள்ளைக்குக் குடுத்த பாலச் சொல்லிக்காட்டுறதா? அடுத்த மாசமே உங்கட சண்ட. புறகு அவங்கட பேர இந்த வீட்டுல எடுக்க வுட்டீங்களா?"

லெப்பை தொண்டையைச் செருமினார். "அஞ்சு தரத்துக்குக் குறைவெண்டா நிக்காஹ் கூடும். யோசிச்சுச் சொல்லுங்க. எத்தின தரம்?"

நாலு என்று சொல்லுங்க உம்மா. றஸாக் வாய்திறக்காமல் கெஞ்சினான். கேட்க வேறு சாட்சி இல்லை, மருத்துவிச்சியும் எப்போதோ மவுத்தாகிவிட்டாள். ஒரு சொல் போதும். சீலைக்குக் கீழே உம்மாவின் கால்விரல்கள் தரையை அழுத்துவதை அவன் பார்த்தான்.

"பசியில கத்துற புள்ளைக்கு எண்ணியா குடுக்கிற, லெப்ப? நாலு நாளும் ராவும் பகலும். ஒரு பக்கம் இவன், மறுபக்கம் அவள்." பிறகு அழுகையோடு, "என்ன மன்னிச்சிரு மகன்," என்றாள்.

ஊரில் இதை நஸீப், விதி என்றார்கள். நஸீபுக்குத்தான் எவ்வளவு சாமர்த்தியம்! பகையைத் தீர்க்க அவனையே கயிறு பிடிக்கவைத்து, தீர்ப்புச் சொல்ல லெப்பையையும் அவன் குடையிலேயே கூட்டிவரச் செய்துவிட்டது. அவன் ஒன்றும் செய்யாமல் ஓட்டையோடு நின்றிருந்தாலாவது ஒரு கண்ணும் ஒரு காதுத்தோடும் மிஞ்சியிருக்கும். இதைச் சொல்லும் எனக்கு அந்த நஸீபின்மேல் இன்றுவரை கோபந்தான்.

லெப்பை போன பிறகு, பிரித்த வேலியால் ஹாஜறா வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. முக்காடு தோளில் கிடந்தது. அவன் முன்னால் அதை இழுத்துப் போட இனி அவசியமில்லை. அவள் முகத்தை றஸாக் முழுசாகப் பார்த்தது அன்றுதான். மனதில் சேர்த்து வைத்திருந்ததைவிட அழகாக இருந்தாள்.

காலையிலிருந்து அவன் வாயில் ஒன்றும் படவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கையில் இருந்த கோப்பையை நீட்டினாள்.

"காக்கா," என்றாள். குரல் உடைந்தது. திரும்பவும் சொல்லிப் பார்த்தாள். "காக்கா, தேத்தண்ணி."

றஸாக் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.