சலாமா என்று ஒரு சொல்

முப்பத்தொரு வருடம் நான் அரசாங்கத்தின் வாயாக இருந்தேன். தகவல் துறையின் பச்சை வண்டி, கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, உள்ளே ஹெஸ்ரோன் ஓபுரா என்கிற நான். ஏரிக்கரையின் நாற்பது சந்தைகளிலும் என் குரல் கேட்டால் கழுதைகள் எழுந்து நிற்கும். சில கழுதைகள் தலைகூட ஆட்டும். மேலிடத்திலிருந்து வரும் தாளை ஒரு எழுத்து மாற்றாமல் வாசிப்பேன். சீனிக்குத் தட்டுப்பாடு இல்லை என்று காலையில் வாசித்தால் பத்து மணிக்குள் எங்கள் சந்தையில் ஒரு கரண்டி சீனி மிஞ்சாது. காலரா எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது என்று வாசித்தால் பெண்கள் விறகு தேடி ஓடுவார்கள், தண்ணீரைக் கொதிக்கவைக்க. என்னளவு மக்களுக்கு உதவிய அதிகாரி இந்த நாட்டில் கிடையாது. தலைகீழாகக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் சத்தியம்.

தலைகீழாகக் கேட்க எங்கள் ஊர் கற்றுக்கொண்டது படகு மூழ்கிய அன்று. என் அண்ணன் ஒலாங் அந்தப் படகில் தீவுச் சந்தைக்குப் போயிருந்தார். மதியம் தாள் வந்தது: படகில் சென்ற அனைவரும் சலாமா. சலாமா என்றால் பத்திரம், சுகம், ஒரு குறையும் இல்லை. நான் அதை ஏழு இடத்தில் வாசித்தேன். எட்டாவது முறை, யாரும் கேட்காமலே, வண்டியை அண்ணன் வீட்டு வேலியோரம் நிறுத்தி, அண்ணிக்குக் கேட்கட்டும் என்று வாசித்தேன். அண்ணி அலேகோவில் பிறந்தவள். அதனால் எங்களுக்கு அவள் நியார் அலேகோ, அலேகோ மகள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டுவிட்டு, உள்ளே போய் அண்ணனுக்கும் சேர்த்துக் களி கிண்டினாள். மூன்றாம் நாள் அண்ணனை அலை கொண்டுவந்து போட்டது.

அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மீன் கொடுத்தனுப்பினாள். நான் அதைச் சாப்பிட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் அந்தச் சொல் எங்கள் ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்டது. கிழவன் ஒருவன் போய்ச் சேர்ந்தால், "கேட்டியா, நேத்து சலாமா ஆயிட்டாராம்" என்பார்கள். வெளியூர் வியாபாரி வந்து எல்லோரையும் "சலாமா?" என்று நலம் விசாரித்தால், எங்கள் ஆட்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இன்னும் இல்லீங்க" என்பார்கள். இதை நான் நூறு ஊரில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு ஒரே மகன், ஒகேலோ. தோள் அகலத்தால் தேவாலயக் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவான். ராணுவத்தில் எடுத்துக்கொண்டார்கள். அவன் சேர்ந்த இரண்டாம் வருடம் அரசாங்கம் பக்கத்து நாட்டுக்குள் படையை அனுப்பியது. எதற்கு என்று நான்கு மாதத்தில் நான்கு காரணம் சொன்னார்கள். முதலில் கொள்ளைக்காரர்களைத் துரத்த. பிறகு சுற்றுலா வருபவர்களைக் காக்க. பிறகு அந்த நாடே நம்மைக் கூப்பிட்டது. கடைசியில் அமைதிக்காக. அமைதி என்று கேட்டதுமே சவரக்கடை சப்லோன் கத்தியை மடக்கிவிட்டான்.

"நம்ம ஆஸ்பத்திரிக்குப் போற பாலம் விழுந்து ஆறு வருஷமாச்சு. அதைத் தூக்கி நிறுத்த ஆள் இல்ல. அடுத்தவன் நாட்டைத் தூக்கி நிறுத்தப் போறாங்களாம்" என்றான்.

"பாலத்துக்கு யார் மெடல் குடுப்பா?" என்றாள் தேநீர்க் கடை அதியேனோ. "நீ பேசாம சிரை. சோப்பு காயுது."

நியார் அலேகோ மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒகேலோ போனில் பேசுவான். அங்கே முகாமில் தண்ணீர் உப்பு என்பான், ஒட்டகப் பால் குடித்தேன் என்பான். அவள் ஒட்டகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்பாள், அவன் குரல் நீளட்டும் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த முகாமைத் தாக்கிவிட்டார்கள். வெளிநாட்டு வானொலி நூறு பேருக்கு மேல் என்றது. எங்கள் வானொலி சிறு மோதல் என்றது. பெயர்ப் பட்டியல் வரவில்லை. நானும் அண்ணியும் பேருந்தில் ஒன்பது மணி நேரம் போய் ராணுவக் குடியிருப்பின் வாசலில் நின்றோம். எங்களைப்போல அறுபது எழுபது அம்மாக்கள். காவலுக்கு நின்றவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்: "பட்டியல் ரகசியம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

திரும்பிய மறுநாள், என் முற்றத்தில் உட்கார்ந்து அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செதில் ஒட்டிய கையோடு எடுத்தாள். ஒலியைக் கூட்டிவைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. இளம் குரல், அவசரக் குரல்.

"ஒகேலோவோட அம்மாவா? ராணுவ அலுவலகத்துல இருந்து பேசறேன். உங்க மகன் சலாமா."

"அவன்கிட்ட குடுங்க ஐயா."

"இப்ப முடியாதும்மா. சலாமாதான். கவலைப்படாதீங்க." வைத்துவிட்டான்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஓபுரா, நீ அவங்க வீட்டு ஆளு. அவங்க பாஷை உனக்குத்தான் தெரியும். என்ன சொன்னான்?"

நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விசாரிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடத்துப் படிப்பு என் தொண்டையில் நின்றது. ஒருமுறை அவளிடம் சலாமா என்று சொல்லி ஏமாற்றியவன் நான். இரண்டாம் முறை ஏமாற்றமாட்டேன் என்று வீறாப்பு.

"உயிரோட இருக்கறவனைப் பத்தி அவங்க எதுக்குச் சொல்லணும் அண்ணி? அவனே பேசுவான்ல" என்றேன்.

அவள் எழுந்து ஏரிவரை நடந்து போய், போனைத் தண்ணீரில் வீசினாள். அதன்பிறகுதான் வாயைத் திறந்து அழுதாள். அந்த அழுகைக்கு ஏரியின் மறுகரையில் பறவை எழுந்தது என்று நான் எழுதினால் வழக்கமான என் புளுகு என்பீர்கள். எழுதாமல் விடுகிறேன்.

நாற்பது நாள் உடலுக்காகக் காத்திருந்தோம். உடல் கிடைக்காதவனுக்கு யாகோ மரத்தின் காயைப் புதைப்பது எங்கள் முறை. ஒரு கை நீளம், ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும் அந்தக் காய். அவளே மரத்தடிக்குப் போய்த் தேர்ந்தெடுத்தாள், அவளே சுமந்து வந்தாள். அவனுடைய பள்ளிச் சட்டையைச் சுற்றி, பொத்தான்களைப் போட்டு, குழியில் இறக்கினாள். மேல் பொத்தான் ஒன்று இல்லை. அதற்காகக் குழியோரம் உட்கார்ந்து ஊசி கேட்டாள்; நாங்கள் காத்திருந்தோம். தலையை மழித்துக்கொண்டாள். இரங்கல் பேச்சு நான்தான். ஒகேலோ வெறும் சோற்றுக் கரண்டியால் இருநூறு எதிரிகளை அடித்தான் என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்கள்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. உறையில் அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் அண்ணி பிரிக்காமல் அடுப்பில் போட்டாள். சரியான காரியம் என்று நானும் பாராட்டினேன்.

இன்னும் இரண்டு மாதம் கழித்து, அதியேனோ கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண் பேசினாள்.

"ஒகேலோவோட சொந்தக்காரரா? நான் நர்ஸ் பேசறேன். அவர் சலாமா. தாடை உடைஞ்சு கம்பி கட்டியிருக்கோம், பேச முடியாது. உங்க நம்பரை அவர்தான் எழுதிக் காட்டினார்…"

நான் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தேன். சந்தையே கூடிவிட்டது. "ஆஹா, இப்ப ஊமையாக்கிட்டீங்களா" என்று ஆரம்பித்தேன். "நல்ல யோசனை. பேச முடியாதவனை யார் சரிபார்க்க முடியும்? என் அண்ணனையும் நீங்கதான் சலாமா ஆக்கினீங்க. வீட்டுக்கு ஒருத்தர் போதும் தாயி. அடுத்த வீட்டைப் பாருங்க."

"சார், ஒரு நிமிஷம்" என்றாள்.

நான் கால் மணி நேரம் பேசினேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. பாலம், சீனி, படகு, ஒட்டகம், ஒன்றையும் விடவில்லை. அவள் இன்னொரு முறை "சார், ஒரு நிமிஷம்" என்றாள். பிறகு வைத்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது. சப்லோன் எனக்கு இலவசமாகச் சிரைத்துவிட்டான். மாலையில் அண்ணியிடம் போய் நடித்தே காட்டினேன். "நல்லா கேட்டே" என்றாள்.

நல்லா கேட்டேன்.

அதிலிருந்து ஐந்தாம் மாதம், வெயில் உச்சியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஒகேலோ வந்தான். அதியேனோ கூவிய கூவலைக் கேட்டு, யாரை ஏற்றிவந்தோம் என்று புரிந்ததும் ஓட்டியவன் கூலிகூட வாங்காமல் பறந்துவிட்டான். ஒகேலோ நடந்து வேலி வாசலுக்கு வந்தான். தோள் சுருங்கியிருந்தது. தாடை ஒருபக்கம் கோணி ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அம்மாவுக்கு ஒரு கம்பளி.

வாசலுக்குள் கால் வைக்குமுன் கிழவர் ரபூரு கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லுப்பா. யாகோ புதைச்சாச்சு. நாம புதைச்சவன் இந்த வாசல்ல நுழைஞ்சா உள்ள இருக்கறவங்கள்ல ஒருத்தரைச் சாவு கூட்டிட்டுப் போயிடும்."

"தாத்தா, நான் சாகலையே." சொற்கள் பல்லில் இடித்து இடித்து வந்தன.

"உன்னைச் சொல்லலப்பா. முறையைச் சொல்றேன்."

நியார் அலேகோ வீட்டிலிருந்து வெளியே வந்தாள். அவள் ஓடிவந்து அந்தத் தடியை முறித்துப்போடுவாள் என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். வேலிக்கு உள்ளே நின்றபடி கையை மட்டும் வெளியே நீட்டி அவன் தாடையைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்லம்மா."

"சாப்பிட்டியா?"

அவன் தலையாட்டினான், இல்லை என்று. அவள் உள்ளே போய்க் களியும் மீனும் எடுத்து வந்தாள். விருந்தாளிகளுக்கு வைக்கும் பூப்போட்ட தட்டில். முள்ளெடுத்துக் கொண்டுவந்திருந்தாள். அவன் சாலையில் நின்று சாப்பிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை வாங்கிக்கொண்டாள், கம்பளியையும் வாங்கிக்கொண்டாள், "கவனமா போ" என்றாள். அந்நியர்களிடம் பேசும் மரியாதை அவள் குரலில் இருந்தது.

நான் அவள் பின்னாலேயே போனேன். "அண்ணி, முறைன்னா முறைக்கு மாத்து இருக்கும். ஆட்டை அறுத்துக் கழிக்கலாம். நான் ரபூருகிட்ட பேசறேன். அவன் ஒகேலோதான், சத்தியமா."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஆனா நான் என் பிள்ளையைப் புதைச்சுட்டேன் ஓபுரா. சும்மா புதைக்கல. ஏழு மாசம் தினம் தினம் புதைச்சேன். இப்ப அவன் முகத்தைப் பார்த்தா ஒண்ணும் எழும்ப மாட்டேங்குது. யாராவது, நடுவுல ஒரே ஒரு தடவை, நான் நம்பற மாதிரி வந்து சொல்லியிருந்தா போதும். அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

ஆட்டை அறுக்கவில்லை. அவள் கேட்கவில்லை; அவள் கேட்காமல் யாரும் செய்ய முடியாது.

ஒகேலோ இப்போது பேருந்தில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற நகரத்தில், மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் நான் போவேன். அண்ணி மீன் கொடுத்தனுப்புவாள். மீன் இருக்கும், சேதி இருக்காது. நான் ஊர்ச் சங்கதிகளை ஊதிப் பெருக்கிச் சொல்வேன். அவன் கோணல் வாயால் சிரிப்பான். சிரித்தால் அவனுக்கு வலிக்கும் என்று தெரிந்தும் சொல்வேன்.

போன சனிக்கிழமை அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"சித்தப்பா, ஆஸ்பத்திரில ஒரு நர்ஸ் எனக்காக ஊருக்குப் போன் பண்ணுச்சு. உங்க நம்பரைத்தான் எழுதிக் குடுத்தேன். யாரோ ஒரு ஆள் எடுத்து ரொம்ப நேரம் திட்டினாராம். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே வந்துச்சு. அதுக்கப்புறம் அது போன் பண்ண மாட்டேன்னுடுச்சு. அம்மா நம்பருக்கு லைனே கிடைக்கல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மில் ஓடிக்கொண்டிருந்தது. மாவு வாசனை. நாற்பது சந்தைகளில் பேசிய வாய் எனக்கு. சொல்ல வேண்டியது நான்கே சொற்கள்: அது நான்தான், மகனே, மன்னித்துவிடு.

"அப்படி எந்த அழைப்பும் வரலையேப்பா" என்றேன். "எண்ணை மாத்தி எழுதியிருப்பே. அந்த நேரத்துல உனக்கு மயக்க மருந்து வேற."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆமா சித்தப்பா. அப்படித்தான் இருக்கும்" என்றான்.

நம்பிவிட்டான். தேநீரை என் பக்கம் நகர்த்தினான். நான் குடித்தேன்.