தனகோடியின் முகம்

தனகோடி செத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நெகட்டிவ். ஆம்பூர் தோல் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று எடுத்த குரூப் போட்டோ. பதினோரு பேர் விறைத்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பித் தொலைத்திருக்கிறார்.

இப்போது மகன் ஹேமந்துக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் செத்தவருக்குப் படையல் போட வேண்டும், படையலுக்குப் படம் வேண்டும். ஆம்பூர் பஜாரில் போட்டோ லேப் வைத்திருக்கும் மேகலாவிடம் வந்தான்.

"அப்பா மூஞ்சி மட்டும் பெருசா வேணும்க்கா. நான் ரெண்டு வயசுல பாத்தது. எனக்கு ஞாபகமே இல்ல."

ஸ்கேன் செய்து பார்த்தால் முகம் பொட்டுக்கடலை அளவு. மேகலா கைப்பழக்கமான பழைய சாஃப்ட்வேரில் ஷார்ப் ஏற்றினாள். ஃபிலிமின் புள்ளிகளெல்லாம் எழும்பி, முகத்தில் ரவை கொட்டியது போலானது. இரண்டாவது சாஃப்ட்வேர் புள்ளிகளை வழித்துவிட்டு மெழுகு பொம்மையைக் கொடுத்தது. மூன்றாவது புதுசு. இதே ஆளின் தெளிவான படம் வேறு இருந்தால் கொடு, பார்த்துச் சரிசெய்கிறேன் என்றது.

வேறு படத்துக்கு எங்கே போவது? ஆனால் பிள்ளை அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று ஊரே சொல்கிறதே. ஷூ கம்பெனி ஐடி கார்டுக்காகப் போன மாசம் ஹேமந்தை எடுத்த படம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. சாடைக்குத்தானே என்று அதைக் கொடுத்தாள். ஒரே நிமிஷம். தனகோடி பளிச்சென்று அவளைப் பார்த்தார். மேகலாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டி, பேப்பர் சுற்றி வைத்தாள். அம்மாதான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஹேமந்த் பிரிக்காமலே வாங்கிப் போனான்.

மறுநாள் காலை அவனுடைய கல்யாண பேனருக்காக மாப்பிள்ளை படத்தைத் திறந்தாள். இடது புருவத்தில் ஒரு வெட்டு. போன வருஷம் கம்பெனியில் தகடு தெறித்துக் கிழித்தது. இந்தப் புருவத்தை நேற்றுத்தான் எங்கோ பார்த்தோமே என்று தோன்றியது. தனகோடியின் படத்தைத் திறந்தாள். அதே இடம், அதே வெட்டு. செத்து இருபத்தைந்து வருஷம் கழித்துப் பட்ட காயம்.

அப்படியென்றால் இன்றைக்கு மத்தியானம் படையலில் மாலை விழப்போவது உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு. அதுவும் கல்யாண மாப்பிள்ளைக்கு. பெண் வீட்டார் வேறு வருகிறார்கள்.

ஹேமந்த் போனை எடுக்கவில்லை. பழைய சாஃப்ட்வேர் தந்த ரவை முகத்தையே சின்னதாகப் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டியை ஹேமந்த் வீடு இருக்கும் விரிஞ்சிபுரத்துக்கு விரட்டினாள். ஹைவேயில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. சகுனம் கிகுனம் என்று யாராவது பேசினால் சிரிக்கிறவள்தான் மேகலா. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையனுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அது தன் கை செய்தது என்று சாகும்வரை நினைக்க வேண்டுமே.

போய்ச் சேர்ந்தபோது மாலை விழுந்துவிட்டிருந்தது. பொட்டு வைத்து, விளக்கும் ஏற்றியாயிற்று. ஹேமந்தின் அம்மா சௌந்தரம் படத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

"வா மேகலா. என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப இப்பிடியேதான் இருந்தாரு. நான் மறந்தே போய்ட்டேன்மா."

பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி, "மாப்ள அப்பிடியே அப்பாதான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மேகலா கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

ஹேமந்த் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனான். "பாத்துட்டேன்க்கா. தெனம் கண்ணாடில பாக்கற மூஞ்சி, எனக்குத் தெரியாதா?"

"தப்பு பண்ணிட்டேன்டா. இதான் உங்கப்பா. மாத்திடலாம்." கவரை நீட்டினாள்.

அந்த மங்கல் முகத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு கவருக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டான்.

"வேணாம். காலைலேர்ந்து அம்மா அந்தப் படத்தாண்ட பேசினே இருக்காங்க. இப்ப எறக்கினா இன்னான்னு சொல்றது?"

"உனக்கு பயமா இல்லியா?"

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். வேர்த்து நனைந்திருந்தது.

"யாராண்டயும் சொல்லாதக்கா" என்றான்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளைதான் கற்பூரம் காட்ட வேண்டும். ஹேமந்த் தட்டை வாங்கி, மாலைக்குள்ளிருந்த தன் முகத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினான். யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

"விழுந்து கும்புடுடா" என்றாள் சௌந்தரம்.

அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்திருக்க அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் மேகலாவுக்கு உயிர் போய் வந்தது.