விலகியதற்கான காரணம்

1

கல்வி விலைமதிப்பற்றது என்று முகப்பில் பித்தளை எழுத்தில் பொறித்திருக்கும் கல்லூரி அது. உள்ளே மூன்றாம் எண் சாளரத்தில் அதன் விலையைச் சொல்வார்கள்: பருவத்துக்கு நாற்பத்தெட்டாயிரம், நூலகக் கட்டணம் தனி. விலையே இல்லாத பொருளுக்கு ரசீதும் தருகிற இடத்தை ஒரு துணிக்கடைக்காரன் மதிக்காமல் இருக்க முடியுமா?

இந்தக் கதை பிறந்தது ஒரு படிவத்தில். ஓராண்டுக்கு முன் அங்கே படிப்பை விட்ட என் அண்ணன் மகள், மறுபடி சேர விண்ணப்பிக்கிறாள். பதினோராம் கட்டம்: 'விலகியதற்கான காரணம். தேவையெனில் தனித்தாள் இணைக்கவும்.' இதுதான் அந்தத் தனித்தாள். எழுதித் தருகிறவன் நான். ஏன் நான் என்றால் [பிறகு சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே எல்லாச் சரக்கையும் விரிப்பவன் வியாபாரி இல்லை].

2

முதல் தொடக்கம்: 'தவிர்க்க இயலாத குடும்பச் சூழல் காரணமாக...'

கடையில் துணி மடித்துக்கொண்டே அவள் படித்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா, சித்தப்பா?"

"இல்லம்மா."

"அப்ப அடிச்சிடுங்க."

இரண்டாம் தொடக்கம்: 'கல்லூரி விதிகளின்மேல் நான் கொண்டிருந்த அளவற்ற'

இதை அவளிடம் காட்டவேயில்லை.

3

விதி எளிது. நான்குக்குக் கணக்கிடும் பருவச் சராசரி 2.00க்குக் கீழே போனால் எச்சரிக்கைப் பட்டியல். அடுத்த பருவமும் கீழே போனால் நீக்கம். முதல் பருவத்தில் அவள் வாங்கியது 1.94.*

* எங்கள் கடையில் 1.94 மீட்டர் கேட்டால் இரண்டு மீட்டராகவே கிழித்துக் கொடுத்துவிடுவோம். மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறதே.

4

இரண்டாம் பருவத்தின் பத்தாவது வாரம். அண்ணன் அவளை அழைத்துக்கொண்டு போய், சாளரத்தில் முழங்கையை ஊன்றினார். உள்ளே ஒரு பெண் எழுத்தர்.

"நூத்துல ஆறுதானே மேடம் குறையுது. ரெண்டுன்னே போட்டுக்குங்க."

"கடை வச்சிருக்கீங்களா, சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"போட முடியாது, சார்."

எங்கள் தெருவில் பேரம் படியாவிட்டால் வாங்க வந்தவர் எழுந்து நடக்க வேண்டும். ஏழாவது அடிக்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். எந்தக் கையேட்டிலும் இல்லாத விதி; ஒருநாளும் பிசகியதில்லை.

"அப்ப விலகல் படிவம் குடுங்க. பொண்ணு படிக்கல."

படிவம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் கண்ணடித்தார். கையெழுத்துப் போட்டாள்.

"உறுதியாத்தானா?" என்றார் எழுத்தர். "சீல் விழுந்தா இன்னைக்கே பேரை எடுத்துடுவோம். ஒரு வருஷம் கழிச்சுத்தான் மனுப் போட முடியும்."

எங்கள் தொழிலில், உறுதியா என்று கேட்கிறவர் பாதி இறங்கி வந்துவிட்டார் என்று பொருள்.

"உறுதி."

முத்திரை விழுந்தது. இருவரும் நடந்தார்கள். ஐந்து. ஆறு. ஏழாவது அடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்தது யாரு?"

5

இதுவரை படித்துவிட்டு அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"அப்பா எங்கேருந்து வந்தாரு? அன்னைக்கு அவரு சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தாரே."

"கதைக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னு..."

"கண்ணடிச்சது நீங்க, சித்தப்பா."

[மேலே சாளரக் காட்சியில் 'அண்ணன்' என்று வரும் இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். அடித்துத் திருத்தலாம். ஆனால் ஒளியப் பார்த்த இடம் தெரியட்டும்.]

"நீ ஏம்மா கையெழுத்துப் போட்டே?"

"கடையில நீங்க கண்ணடிச்சு ஒரு பேரமும் தோத்ததில்லையே." ஒரு துணியை மடித்து வைத்தாள். "அந்த வாரம் கெமிஸ்ட்ரில எழுபத்தொண்ணு வாங்கியிருந்தேன். கிளாஸ்ல மூணாவது."

"சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க கேட்டீங்க? நேரா பேரத்துக்குப் போயிட்டீங்க."

6

முடிவு அ: எழுத்தர் வாசல்வரை ஓடிவந்து அவளைக் கூப்பிடுகிறார். (அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. நீக்கம்.)

முடிவு ஆ: மனுவைப் படித்த கல்லூரிக் குழு விழுந்து விழுந்து சிரித்து, அவளை அன்றே

"முடிவு எழுதாதீங்க," என்றாள். "அதுலயும் பேரம் பேசுவீங்க. அத அவங்க எழுதட்டும்."

அதனால் எழுதவில்லை. வாசகரே, நீங்கள் அந்தக் குழுவில் ஒருவரென்றால் பேனா உங்கள் கையில். இல்லையென்றாலும், கணக்கைச் சரிபார்க்க ஒரு சாட்சி வேண்டும்.

சாளரத்திலிருந்து வாசல் வரை: 212 அடி.
கூப்பிட்டிருக்க வேண்டியது: 7க்குள்.
அவள் கடையில் துணி மடித்த நாட்கள்: 370.
கெமிஸ்ட்ரி: 71. செல்லாது.
தவறில் அவள் பங்கு: இல்லை.
என் பங்கு: முழுவதும்; தள்ளுபடி கேட்கவில்லை.
வர வேண்டிய பாக்கி: ஒரு குரல்.