கண் கலங்க வைத்த ஏழாம் அத்தியாயம்

குளிர்காலத்தில் புத்தகம் படிப்பதற்கென்றே ஆற்றோர விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தம்பி சொன்னபோது ஜெயிலர் நம்பவில்லை.

"ஏன், வீட்டுல உட்கார்ந்து படிச்சா எழுத்து தெரியாதாமா?" என்று கேட்டார்.

சிறைக் கண்காணிப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் சொந்தபந்தத்தில் அவருக்கு ஜெயிலர் என்றுதான் பெயர். கல்யாண வீட்டில்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆட்களை எண்ணுகிற மாதிரிதான் நடப்பார். இப்படிப்பட்டவர் தம்பியோடு அந்த விடுதிக்குக் கிளம்பியதற்கு ஒரே காரணம், அங்கே கூடி வாசிக்கப்போவது தம்பி எழுதிய நாவல். அதன் ஏழாவது அத்தியாயத்தில் அவர்களுடைய அப்பா அழுகிறார்.

அப்பா யாரிடமும் தலை குனியாதவர். தம்பி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன அன்று மட்டும், கொல்லைப்புறத்துத் துணிக்கொடியின் கீழே நின்று, அவனுடைய சட்டையில் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அதைப் பார்த்தவர் மூத்த மகனான ஜெயிலர் ஒருவர்தான். அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு, மனம் இளகிய ஒரு நேரத்தில் தம்பியிடம் சொல்லித் தொலைத்தார். அவன் அச்சில் ஏற்றிவிட்டான்.

"அந்த அத்தியாயத்தை மட்டும் அங்க வாசிக்க விடாதேடா" என்றார் வண்டியில்.

"அதுதாண்ணா புத்தகத்தோட உயிரே."

"உயிர் உன் புத்தகத்துக்கு. மானம் நம்ம வீட்டுக்கு."

"நாளைக்குச் சாயந்திரம் அதைத்தான் வாசிக்கறதா இருக்காங்க. நான் எப்படி நிறுத்தச் சொல்வேன்?"

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

விடுதி நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் கணப்பு எரிந்தது. பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆறு பனிமூட்டத்தில் அசையாத மாதிரி கிடந்தது. வந்தவர்களைத்தான் ஜெயிலருக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குத் தலைவி ஒரு பல் மருத்துவர். காது வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவோடு, பேசும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். அவருக்கு வலது கை ஒரு வங்கி மேலாளர். அவர் காலையிலிருந்து தம்பியின் நாவலை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி, பக்கத்தில் காபிக் கோப்பை வைத்து, பின்னால் ஆறு தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போனது. "ஆவி தெரியலையே" என்று இன்னொரு கோப்பை கேட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு போர்வைக்குள் சுருண்டு, மடியில் புத்தகத்தை விரித்து வைத்து, கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயிலருக்குத் தன் சிறைச்சாலையின் நூலக அலமாரி நினைவுக்கு வந்தது. ஒரு புத்தகம் கிடைத்தால் கைதிகள் அட்டை பிய்ந்து விழும்வரை படிப்பார்கள். நடுவில் ஒரு தாள் கிழிந்திருந்தால், அதில் என்ன இருந்திருக்கும் என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவார்கள். அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினோம், இவர்களை வெளியே விட்டுவைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் பல் மருத்துவர் தம்பியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"சார், அந்த ஏழாவது அத்தியாயம்! கண்ணு கலங்கிடுச்சு."

தம்பியின் முகம் மலர்ந்தது. ஜெயிலர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எந்த இடத்துலம்மா கலங்குச்சு?"

"எந்த இடம்னு எப்படி சார் சொல்றது? முழுக்கவேதான். அந்த மௌனம். அந்த அடர்த்தி."

"ஓகோ" என்றார் ஜெயிலர். பொய் சொல்கிறவர்கள் ஒருபோதும் இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும், படித்த களைப்புத் தீர எல்லோரும் தூங்கப் போனார்கள். புத்தகங்கள் கூடத்து நாற்காலிகளில் கிடந்தன. சாயந்திரம் எந்தெந்த வரிகளை வாசிக்கப்போகிறார்கள் என்று பார்ப்பதற்காக ஜெயிலர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஆறாவது அத்தியாயம் முடிந்தது. அடுத்தும் ஆறாவது அத்தியாயமே வந்தது. அதற்கு அடுத்தது எட்டு. இன்னொரு பிரதியை எடுத்தார். அதிலும் அப்படியே. பைண்டிங் செய்கிற இடத்தில் ஆறாவது அத்தியாயத்தின் தாள்களை இரண்டு முறை வைத்து, ஏழாவதை விட்டுவிட்டுத் தைத்திருக்கிறார்கள். மொத்தமாக வாங்கிய பிரதிகள். எல்லாம் ஒரே லட்சணம்.

முதலில் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பா தப்பித்தார். யாரையும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சாயந்திரம் எல்லோரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பல் மருத்துவர் புத்தகத்தை விரித்தார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர் பக்கம் சாய்ந்து ஏதோ கிசுகிசுத்தார். மேலாளர் தன் பிரதியைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆனால் பல் மருத்துவர் லேசுப்பட்டவர் அல்ல. புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஏழாவது அத்தியாயம் நம்ம எல்லாருக்குள்ளயும் இறங்கிடுச்சு. அதை வாய்விட்டு வாசிச்சுக் கெடுக்க வேணாமே. கண்ணை மூடி, மனசுக்குள்ள அந்த அப்பாவை நினைச்சுப் பார்ப்போம்."

அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். தம்பி மட்டும் மூடவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த பிரதியை மெதுவாக எடுத்துப் பிரித்தான். புரட்டிப் பார்த்தவன் அதை மூடி, முழங்காலில் வைத்து, அதன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். நரைத்த தலை. ஆனால் வீட்டை விட்டுப் போன அன்று வாசலில் நின்ற அதே முகம்.

ஜெயிலர் அசையவில்லை. இவர்கள் கண் மூடிக் கிடக்கட்டும். தம்பிக்கு ஆறுதல் சொல்ல, திரும்பும் வழிநெடுக நேரமிருக்கிறது.

அப்போது மேலாளர் கண்ணைத் திறந்து பெருமூச்சு விட்டார். "அந்த அப்பாவோட கோபம் இருக்கே சார், ஏழாவதுல... என்ன ஒரு கோபம்! ராத்திரி பூரா தூங்க விடல."

ஜெயிலர் எழுந்தார். "யார் கோபப்பட்டது?"

"சார்?"

"எங்க அப்பா கோபப்பட்டதை நீங்க எந்தப் பக்கத்துல பார்த்தீங்க? உங்க கையில இருக்கறதுல ஏழாவது அத்தியாயமே இல்லை. ஒருத்தர்கூடக் கவனிக்கல. இல்லாத தாளைப் படிச்சுக் கண்ணு கலங்கறீங்க, ராத்திரி தூங்காம கிடக்கறீங்க. எங்க ஜெயில்ல திருட்டுப் பசங்க இருந்தானுங்க. ஒருத்தன்கூடப் படிக்காத புத்தகத்தைப் படிச்சேன்னு சொன்னதில்லை."

"அது வந்து சார், வேலை நெருக்கடியில..." என்று பல் மருத்துவர் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடும்மா. உட்காருங்க எல்லாரும்."

"விடுங்கண்ணா" என்றான் தம்பி. "நீங்க கேட்டதுதானே நடந்திருக்கு. வாசிக்காமலே முடிஞ்சுது."

"நீ சும்மா இருடா. நம்ம வீட்டு ஆளை உட்கார வெச்சு, படிக்காமலே பாராட்டி அனுப்புவாங்களாம். அதையும் பார்த்துக்கிட்டு நான் சும்மா இருக்கணுமாம்."

அறைக்குப் போய்ப் பையிலிருந்து தன் பிரதியை எடுத்து வந்தார். செய்தித்தாள் அட்டை போட்டு, பேர் தெரியாமல் வைத்திருந்த பிரதி. மூலைகள் மடங்கி, நடுப்பகுதி தானாகவே பிரிந்துகொண்டது. அண்ணன் அதை ஒருமுறையாவது திறந்திருப்பார் என்றே தம்பி எதிர்பார்க்கவில்லை; வாயைத் திறந்தபடி பார்த்தான்.

ஜெயிலர் நின்றுகொண்டே வாசித்தார். சிறையில் ஆஜர் பட்டியல் வாசித்த அதே குரல். ஏற்ற இறக்கம் கிடையாது. துணிக்கொடி வந்தது. சட்டை வந்தது. அப்பா அழுதார். மேலாளரின் கை போனைத் தேடி நகர்ந்தது. "வைங்க கீழே" என்றார் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, 'அண்ணன் வந்து கதவைச் சாத்தினான்' என்ற வரி வந்தது. அங்கே நிறுத்தி, தம்பியைப் பார்த்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கே. சாத்தினது நான்தான். இன்னைக்கு நடந்தாலும் சாத்துவேன்."

மிச்சத்தையும் வாசித்து முடித்தார். பல் மருத்துவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மேலாளர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார்... உங்க அப்பா நிஜமாவே அழுதாரா?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். ஜெயிலர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எழுதியிருக்கில்ல? எங்க வீட்டுல யாரும் பொய் எழுத மாட்டாங்க."