பள்ளிவாசல் கூரை

மாமல்லபுரத்துப் பழைய பள்ளிவாசலின் வரலாற்றை மீலாது விழாவில் சொல்வது எப்போதும் கமாலுத்தீன்தான். இந்த வருஷம் ஜமாத்தார் அதை, பொத்தேரி கல்லூரியில் பாடம் நடத்தும் யாசீனிடம் கொடுத்துவிட்டார்கள். கமாலுத்தீனுக்கு வயிறு எரிந்தது. தப்பாக ஏதாவது சொல்வான், எழுந்து திருத்தலாம் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

தப்பே வரவில்லை. கூட்டம் சொக்கிப்போய்க் கேட்டது.

"புயல்ல இந்தக் கூரை பறந்துடுச்சு. இஸ்மாயில் பாய் தன்னோட படகை வித்து, பேர் சொல்லாம மரம் வாங்கி இறக்குனாரு. அப்புறம் கடைசி வரைக்கும் அடுத்தவன் படகுலதான் கூலிக்குப் போனாரு," என்றான் யாசீன்.

இஸ்மாயில், கமாலுத்தீனின் வாப்பா. படகு பழசாகிவிட்டது, விற்றுவிட்டேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். எல்லோரும் கமாலுத்தீனைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் யாசீனைப் பிடித்தார். "இத்த உனக்கு யாரு சொன்னது?"

"எங்க வாப்பாதான் சொன்னாரு, சாச்சா. அவரும் உங்க வாப்பாவும் ஒண்ணா கடலுக்குப் போய்கினு இருந்தாங்கல்ல? அப்போ உங்க வாப்பாவே சொன்னாராம்."

கமாலுத்தீன் தலையாட்டிவிட்டு நடந்தார். மேடை போனது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. பெற்ற மகனிடம் சொல்லாததை வாப்பா இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். செத்துப்போன யாசீனின் வாப்பா மேல்தான் அவருக்கு வீடு வரைக்கும் பொறாமையாக இருந்தது.