எந்தப் பேரை அடிப்பது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது.

பதுளையில் கடை வைத்திருக்கும் ராமாமிர்தம் நினைவு மலர் ஒன்று போடுகிறார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய நாட்கள், பெரிய மனிதர்கள். "மொத உலகப் போர் முடிஞ்ச நாள நம்ம தோட்டத்து ஆளுங்க எப்புடிக் கொண்டாடுனாங்கன்னு ரெண்டு பக்கம் குடுங்க" என்றார். எனக்கு ஒரு எழவும் தெரியாது. "எல்லாம் கைவசம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் தேடினேன். கிடைத்தது ஒரு கங்காணியின் பேர்க் கொப்பி, ஆள் வருகை குறிக்கும் நோட்டு. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம், 1918. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். 'இருக்கேங்க' என்றவர் பேருக்கு நேரே ஒரு கோடு. கோடு விழாதவர் எங்கே என்று துரை கேட்பார்.

2

முதல் தொடக்கம்: 'உலகமே மகிழ்ந்த அந்நாளில் ஊவா மலைகளும் தம் பனிப்போர்வையை—'

வேண்டாம். மலை மகிழ்ந்ததை எவன் பார்த்தான்? அந்த மாதம் அங்கே இருந்தது விஷக் காய்ச்சல்.

இரண்டாவது: 'கங்காணி பொன்னையாவுக்கு இராக்கம்மாவின் மேல் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.'

இது இருக்கட்டும். எனக்குச் சந்தேகம் வந்தது பொன்னையாவின் மேல். அதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

3

பனி. பெண்கள் எல்லாரும் கம்பளியைத் தலையோடு போர்த்தி நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை.

"இராக்கம்மா!"

முன்வரிசையிலிருந்து, "இருக்கேங்க."

எட்டுப் பேர் தள்ளி அவளுடைய தங்கையின் பேர். "தனலெட்சுமி!"

பின்வரிசையிலிருந்து, "இருக்கேங்க."

இரண்டாவது குரலுக்கு மூச்சு வாங்கியது. நின்ற இடத்தில் நிற்கிறவளுக்கு எதற்கு மூச்சு வாங்குகிறது? பொன்னையா தலை நிமிர்த்தவில்லை. இரண்டு பேருக்கும் கோடு போட்டார். மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கூடையையும் ஒருத்தியே கொண்டுவந்தாள்.

"தங்கச்சி எங்க புள்ள?"

"ஓடையில கால் கழுவுறாங்க, கங்காணியய்யா."

ஓடை வற்றி ஒரு வாரம். பொன்னையா இரண்டு கூடையையும் இரண்டு பேரிலும் எழுதிக்கொண்டார்.

(மேற்கொண்டு ஏன் கேட்கவில்லை? இரக்கம் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். காய்ச்சல்காரர்களை ஆற்றோரக் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். ஒன்பது பேர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அது அவருக்குத் தெரியும். தம் ஆட்களுக்குள் காய்ச்சல் என்று வெளியே தெரிந்தால் தம் தலைப்பாகைக்கும் ஆபத்து, அதுவும் தெரியும். எது முந்தியது என்பதைக் கொப்பியில் எங்கே தேட?)

தனலெட்சுமி விதவை. ஒரு வயதில் ஒரு பெண்குழந்தை. தாய் தகப்பன் இரண்டும் இல்லாத பிள்ளையை அடுத்த கூட்டத்தோடு கப்பலேற்றிக் கரைக்கு, பூர்வீக ஊர்ப் பக்கமே, அனுப்பிவிடுவது அந்தத் துரையின் வழக்கம். கரையில் அந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் தங்கை பேருக்கும் குரல் கொடுக்க இராக்கம்மா பனிக்குள் ஓடினாள்.

4

தந்தி வந்தது. போர் முடிந்தது, ராஜா ஜெயித்துவிட்டார்.

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதன்கிழமை வேலை கிடையாது. எல்லாரும் கொடிமரத்தடிக்கு வரவேண்டும். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக முன்னே போய்த் துரைசாணி கையால் ஆளுக்கொரு பனிஸ் ரொட்டி வாங்கவேண்டும். கம்பளி கூடாது, கொண்டாட்டத்துக்கு மரியாதை இல்லையாம்.

உலகத்துக்குச் சமாதானம் வந்த நாளில் இராக்கம்மாவுக்குத் தங்கை பேரில் இன்னொரு தரம் போக வழியில்லாமல் போனது. நாலு வருசம் நடந்த சண்டை அவளை ஒன்றும் செய்யவில்லை, பாருங்கள். முடிந்ததுதான் வினை.

"இராக்கம்மா!" போனாள், கும்பிட்டாள், வாங்கினாள்.

எட்டுப் பேர் தள்ளி, 'தன—'

இந்த இடத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வேறொரு பெண் எழுந்து போகிறாள். இன்னொன்றில் எல்லாப் பெண்களும் சேர்ந்து 'இருக்கேங்க' என்கிறார்கள். படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. காய்ச்சல் பயத்தில் லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பரா வாசலைக்கூட மிதிக்காத சனங்கள் அவர்கள்.

மூன்றாவது: பொன்னையா அந்தப் பேரை விழுங்கிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார். கூப்பிடாமலே கோடு போட்டார். கொப்பியில் அன்றைக்கும் தனலெட்சுமிக்குக் கோடு இருக்கிறது. இதைத்தான் வைத்துக்கொண்டேன்.

5

பனிஸ் கொடுத்ததற்கு ஆறாம் நாள் விடியுமுன்னே பொன்னையா ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். அக்கா தங்கையின் காம்பராவில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். கம்பளி முகத்தை மூடியிருந்தது. வாசலில் இன்னொருத்தி, இடுப்பில் தூங்குகிற குழந்தை.

"எத்தன நாளாக் காய்ச்சல்?"

"உங்களுக்குத் தெரியாதாங்க?"

பொன்னையா சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "தனலெட்சுமி செத்துட்டான்னு சொன்னா, பனிஸ் வாங்க ஏன் வரலன்னு துரை கேப்பாரு. வராதவளுக்கு ஏன் கோடுன்னு எங்கிட்டக் கேப்பாரு. இராக்கம்மான்னா கேள்வியே இல்ல. அன்னிக்குத் துரைசாணியே கண்ணால பாத்தாங்க. சட்டுனு போயிட்டா, அவ்வளவுதான்."

"துரைக்கு எங்கள அடையாளம் தெரியாதாங்க?"

"அவரு கண்ணுக்கு நம்ம எல்லாருக்கும் ஒரே மொகம் புள்ள."

அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பொன்னையா பென்சிலை எச்சில் தொட்டார். "எந்தப் பேர அடிக்கணும்?"

6

கொப்பியில் பத்தொன்பதாம் தேதி இராக்கம்மா பேர் அடிக்கப்பட்டிருக்கிறது. தனலெட்சுமிக்கு அடுத்த சித்திரை வரைக்கும் கோடு; அதோடு கொப்பி முடிகிறது.

அவ்வளவுதான் சாட்சி. இதையே இப்படியும் வாசிக்கலாம்: நோயாளி பிழைத்தாள், பார்த்துக்கொண்டவள் போய்விட்டாள். அப்படியானால் வாசலில் நின்றவள் தனலெட்சுமி. பொன்னையா அப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை. ஒரு பாவமும் அறியாதவர் வாயில் நான் இவ்வளவையும் திணித்துவிட்டேன். ஓடையை வற்றவைத்ததும் நான்தானே.

ஆனால் நான் நினைக்கிறபடி செத்தது தங்கைதான் என்றால், இராக்கம்மா விட்டுக்கொடுத்தது வெறும் பேரல்ல. தையில் அதே தோட்டத்து மாரிசாமியின் தாலிக்குக் கழுத்தை நீட்ட இருந்தவள். இனித் துரையின் கணக்கில் அவள் தனலெட்சுமி; தாலி அறுத்தவள். செத்துப்போன இராக்கம்மாவுக்கு எந்தத் துரை கல்யாணக் காம்பரா கொடுப்பார்?

மலருக்கு, 'தோட்ட மக்கள் பனிஸ் பெற்று மகிழ்ந்தனர்' என்று எழுதிக் கொடுத்தேன். ராமாமிர்தத்துக்குப் பரம திருப்தி.

இராக்கம்மா என்று ஒருத்தி அன்றைக்குச் செத்தாள் என்பது உறுதி. மூச்சு நின்றது அவளுக்குத்தானா என்பதுதான் தெரியவில்லை.

அந்த விடியலில், களத்தில் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பொன்னையா அவசரப்படுத்துகிறார். அவள் வாயைத் திறக்கிறாள். அடுத்த சொல்லை நான் எழுதமாட்டேன். எழுதினால் ஒருத்தியைக் கொன்றதாகும். நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் குழந்தையை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அது இன்னும் தூங்குகிறது.